ஏழாம் பக்கத்து நத்தை

முதலில் நத்தை ஓடுகிறது என்றுதான் சொன்னார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நீந்தத் தொடங்கிவிட்டது. மருந்துக்கடை வாசலில் விசிலடித்தது. சலூனில் ஒருவர் பாதிச் சவரத்தோடு எழுந்து உட்கார்ந்து, "அதுக்கு உடம்பெல்லாம் ரோமமாம்யா" என்றார். சாயங்காலம் ஆவதற்குள் கதை முழுசாகிவிட்டது: மாடி ஆபீஸ்காரர்கள் ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் அந்த நத்தையை ஒளித்து வளர்க்கிறார்கள், வெளிநாட்டுக்காரன் அதற்கு ஏழு கோடி கொடுத்துவிட்டான், பணம் சூட்கேஸில் வந்து இறங்கிவிட்டது, சூட்கேஸ் நீலக் கலர்.

வதந்தியில் கலர் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் சந்தேகப்படுவதில்லை. இருந்தாலும் விசாரித்துவிடுவது நல்லது. விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். சூட்கேஸ் உண்டு, நீலம்தான். உள்ளே இருந்தது ஒட்டுப் போடக் கொண்டுவந்த இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ். ஏழு கோடியும் உண்டு. அது உலகம் முழுக்க அறுபது அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு நிதியம் ஒதுக்கிய மொத்தத் தொகை. அதில் மாடி ஆபீஸ் கேட்டது ஒரு சிட்டிகை. அதுவரை வந்தது பூஜ்யம். நத்தையும் உண்டு. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ஓடாது, விசிலடிக்காது, முடி என்று எதுவும் கிடையாது. ஆனால் இதெல்லாம் உண்டு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பியவர் ஒருவர் நிஜமாகவே இருந்தார். அவர்தான் தேதியக்கா.

தேதியக்காவுக்கு நாற்பத்தாறு வயது. முழுப் பட்டம் கடைசித்தேதி அக்கா. ஆபீஸில் வைத்த பெயர், வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. பருவநிலைக்கும் பல்லுயிருக்கும் பணம் தருகிற நிதியம் உலகத்தில் எங்கே இருந்தாலும், அதற்கு எந்த நாளுக்குள், எத்தனை மணிக்குள், எந்த நாட்டுக் கடிகாரப்படி விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தாளைப் பார்க்காமல் சொல்வார். சொந்தக் கல்யாண நாள் மட்டும் நினைவிருக்காது. "அதுக்கு யாரும் நிதி தர்றதில்லையே, எப்படி ஞாபகம் இருக்கும்?" என்பார் கணவர். அவருக்கு முக்குச் சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் எல்லாருக்கும் பார்வையைச் சரிசெய்து கொடுத்தும் வீட்டில் தன்னை யாரும் பார்ப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் தேதியக்கா ஒரு மின்விசிறிக் கம்பெனியில் பதினோரு வருடம் மன்னிப்புக் கடிதம் எழுதினார். விசிறி சுற்றவில்லை, சுற்றினால் அழுகிறது, அழுதுகொண்டே கழன்று சாப்பாட்டு மேசையில் விழுந்தது என்றெல்லாம் புகார் வரும். கம்பெனி எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, ஆனால் படிக்கிறவர் மனம் குளிர வேண்டும். அப்படி ஒரு பதில் எழுதுவது லேசான காரியமில்லை. ஒருநாள் அந்த மாடி ஆபீஸில் இருக்கும் சதுப்பு நிலப் பாதுகாப்பு அமைப்பின் இயக்குநர், தன் ஆபீஸ் விசிறியைப் பற்றி மூன்று பக்கத்துக்குத் திட்டி எழுதினார். தேதியக்கா ஒரே பக்கத்தில் பதில் எழுதினார். அதைப் படித்த இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாள் கம்பெனி வாசலில் வந்து நின்றார்.

"இதை எழுதினது யாரு? நயா பைசா குடுக்காம என்னைக் கரைய வெச்சிட்டாங்க. இவங்க நாலு பணக்காரங்களைக் கரைய வெச்சா என் ஆபீஸ் பொழச்சுக்குமே!"

அது நடந்து எட்டு வருடமாகிறது. அந்த விசிறி இன்றுவரை சுற்றவில்லை.

நிதி தேடுகிற வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடியாது. "என்ன வேலை பார்க்கறே?" என்று கேட்பார்கள். "காசு கேக்கற வேலை." "யார்கிட்ட?" "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட." "எதுக்கு?" "நத்தைக்கு." கணவரின் அக்கா இதை நான்கு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, ஐந்தாவது முறையிலிருந்து தம்பி பெண்டாட்டி டீச்சராக இருக்கிறாள் என்று வெளியில் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்.

தேதியக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் உண்டு. இருநூற்றுப் பதினான்கு நிதியங்கள். மறுத்தவை சிவப்பு, பதிலே போடாதவை மஞ்சள், பணம் தந்தவை பச்சை. நாலடி தள்ளி நின்று பார்த்தால் சிவப்பு மண்ணில் மஞ்சள் பூத்த மாதிரி இருக்கும். பச்சையைப் பார்க்கக் கிட்டே வர வேண்டும், கணவர் கடைக் கண்ணாடி வேறு போட்டுக்கொள்ள வேண்டும். மொத்தம் இரண்டு.

சதுப்பு நிலம் என்னவோ ஒன்றுதான். வேஷம்தான் ஆண்டுக்கு ஒன்று. நிதியங்களுக்குக் கார்பன் பிடித்திருந்த வருடம் அது கார்பன் சேர்க்கும் உண்டியல். வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்பட்ட வருடம் அது வெள்ளத்தைக் குடிக்கும் பஞ்சு. அடுத்த வருடம் பெண்களின் வாழ்வாதாரம். அதற்கடுத்து எல்லாரும் 'தாங்குதிறன்' என்று பேசத் தொடங்கினார்கள். அந்தச் சொல் இல்லாத பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை என்று கேள்விப்பட்டு, தேதியக்கா அதை ஒரே விண்ணப்பத்தில் முப்பத்தெட்டு இடங்களில் நட்டுவைத்தார். படித்தவர்களால் முப்பத்தேழு வரைதான் தாங்க முடிந்திருக்கும் போலிருக்கிறது. சிவப்பு.

ஒரு சமயம் ஒரு நிதியம், "பாதிப் பணம் நாங்கள் தருகிறோம், மீதிப் பாதியை வேறொருவர் தருவதாகக் கடிதம் கொண்டுவாருங்கள்" என்றது. வேறொருவரிடம் போனால் அவரும் அதே கடிதத்தைக் கேட்டார். இரண்டு கனவான்களும் வாசற்படியில் நின்று "நீங்க முதல்ல போங்க", "சேச்சே, நீங்கதான் முதல்ல" என்று மரியாதை செய்துகொண்டே நின்றதில் அந்த நிதியாண்டு முடிந்துபோனது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கின தேதியக்காவுக்கு, இந்த முறை சிரிப்பு வரவில்லை. காரணம் பத்து என்கிற எண்.

அந்தச் சதுப்பு நிலத்தின் நத்தைகளை வருடம் ஒருமுறை, தண்ணீர் வடிகிற மாதத்தில் எண்ணுவார்கள். நிலத்தை நாற்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே இருப்பதை எண்ணி எழுத வேண்டும். தண்ணீரும் மண்ணும் கெட்டால் முதலில் காணாமல் போவது இந்த நத்தைதான் என்பதால், அதன் எண்ணிக்கைதான் நிலத்துக்கு நாடித்துடிப்பு. தொடர்ந்து பத்து ஆண்டுக் கணக்கு இருந்தால் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் சேர்க்க அரசு பரிசீலிக்கும். ஒன்பதுக்கு ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு வருடம் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவதுக்குப் படகு வாடகைக்கும் ஆள் கூலிக்கும் காசில்லை. கரையில் யாரோ ஏற்கெனவே நான்கு லாரி மண்ணைக் கொட்டி, 'விரைவில் சேமிப்புக் கிடங்கு' என்று பலகையும் நட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் கவனிப்பாரற்ற உயிர்களுக்கான நிதியம் ஒன்று கண்ணில் பட்டது. புலிக்குத் தர மாட்டோம், யானைக்குத் தர மாட்டோம், யாரும் படம் எடுக்காத உயிர்களுக்கு மட்டும் தருவோம் என்று அறிவித்திருந்தார்கள். நத்தைக்கென்றே திறந்த வாசல் மாதிரி இருந்தது. தேதியக்கா மூன்று வாரம் விழுந்து விழுந்து எழுதினார். கடைசி நாள் மத்தியானம், இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நாட்டில் போன ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள் என்பது உறைத்தது. கடைசித்தேதி அக்காவுக்கே கடைசித் தேதி தவறப் பார்த்தது! நாற்பத்தைந்து நிமிடம்தான் இருந்தது. 'உயிரினத்தின் இயல்புகள்' என்கிற ஏழாம் பக்கமோ வெள்ளையாகக் கிடந்தது.

போன வருடம் வேறொரு நிதியத்துக்கு நீர்நாயைப் பற்றி எழுதிய விண்ணப்பம் கையில் இருந்தது. "மிக அருமையாக எழுதப்பட்டுள்ளது" என்று பாராட்டி மறுத்திருந்தார்கள். அருமையான பக்கத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அதை எடுத்து இங்கே ஒட்டினார். நீர்நாய் என்று வருகிற இடத்திலெல்லாம் நத்தை என்று மாற்றச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்திக்கொள்ளலாம் என்பது திட்டம். அதற்குள் இணையதளம் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்ததை மறுத்தது, புதியது கேட்டது. இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. தேதியக்கா எழுந்து நின்று ஆபீஸுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். ஏழாம் பக்கம் என்று ஒன்று இருந்ததையே மறந்துபோனார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் குழுவோடு பேச வேண்டும். இயக்குநர் தலைகால் புரியாமல் ஆபீஸை மூன்று சுற்றுச் சுற்றிவந்து, விண்ணப்பத்தைப் பிரின்ட் போட்டு, சுருள் கம்பி மாட்டி, அட்டை போட்டுக் கொண்டுவரச் சொன்னார். ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் கிடைத்த எதையும் படிக்காமல் பிரின்ட் போடுகிறவர் இல்லை. ஊர் ஜாதகங்களும் பாகப்பிரிவினைகளும் அவருக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை காலை தேதியக்கா அட்டை போட்ட புத்தகத்தை வாங்கப் போனார். கடைக்காரர் அன்றைக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். இது வழக்கமில்லை.

"அக்கா, ஒரு உதவி கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்க நத்தையை ஒரே ஒரு தடவை காட்டுவீங்களா? கிட்டக்கூட வரமாட்டோம். தூரத்துல நின்னு அந்த விசில் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடறோம். வீட்ல பசங்க தூங்க மாட்டேங்குதுங்க."

"விசிலா? நத்தையா?"

"நீங்கதானேக்கா எழுதியிருக்கீங்க! நேத்து சலூன்ல படிச்சுக் காட்டினேன், எல்லாருக்கும் புல்லரிச்சுப் போச்சு."

தேதியக்கா அங்கேயே, மெஷின் பச்சை வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்க, ஏழாம் பக்கத்தைப் புரட்டினார்.

'நத்தை மிகுந்த சுறுசுறுப்பு உடையது. ஒரே இரவில் பத்து கிலோமீட்டர் நீந்தக்கூடியது. அடர்ந்த ரோமம் அதைக் குளிரிலிருந்து காக்கிறது. தாய் நத்தை கூர்மையான விசில் ஒலியால் குட்டிகளை அழைத்து நீச்சல் கற்றுக்கொடுக்கிறது. இளம் நத்தைகள் சேற்றுச் சரிவில் வழுக்கி விளையாடுவதைக் காணலாம். நத்தைகள் வலைகளைக் கிழித்து மீன்களைத் தின்றுவிடுவதாக மீனவர்கள் புகார் கூறுகின்றனர். கோபம் கொண்ட நத்தை கடிக்கும்.'

தேதியக்காவுக்குப் பகீரென்றது. அதே சமயம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் ஒரு மாதிரி விக்கல் எடுத்தது. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஆபீஸில் அவசரக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் என்றால் மூன்று பேர்: இயக்குநர், தேதியக்கா, நத்தைத்தம்பி. நத்தைத்தம்பி நாற்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒன்பது வருடமும் சேற்றில் இறங்கி எண்ணியவர் அவர்தான். சிரிக்கவே மாட்டார். ஏழாம் பக்கத்தை விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஒம்போது வருஷமா எண்ணறேன்க்கா. ஒண்ணுகூட என்னைக் கடிச்சதில்ல."

"தம்பி, இப்ப விளையாடாதீங்க."

"விளையாடறது நான் இல்லக்கா. இளம் நத்தைங்க. சேத்துச் சரிவுல வழுக்கி."

இயக்குநர் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் கேளுங்க. அவங்களா கேட்டா சொல்லுவோம். கேக்கலேன்னா நாமளா வாயைத் திறக்க வேண்டாம். இதைப் படிச்சுட்டுத்தானே கூப்பிடறாங்க? பிடிச்சிருக்கு போல!"

வீட்டில் கணவருக்கும் அதே யோசனைதான், கூடுதல் அலங்காரத்தோடு. "நம்ம ஊரு நத்தை அப்படித்தான்னு சொல்லிடு. வந்து பார்க்கவா போறாங்க? வந்தா நான் கண்ணாடியை மாத்திக் குடுத்துடறேன், எதைப் பார்த்தாலும் நீந்தற மாதிரி தெரியும்."

"உங்களுக்கு எல்லாம் சிரிப்பாத்தான் இருக்கு."

"உனக்கு இல்லையா?"

"இருக்கு. அதான் பயமா இருக்கு."

தேதியக்கா மன்னிப்புக் கடிதம் எழுதிப் பழகியவர். எதையும் ஒப்புக்கொள்ளாமல் மனத்தைக் குளிரவைப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் விசிறி வேறு, இது வேறு. நத்தை விசிலடிக்கும் என்று எழுதியவள் கொடுக்கிற எண்ணிக்கையை யார் நம்புவார்கள்? குழுவில் யாராவது ஒருவர் நாளைக்கு ஏழாம் பக்கத்தைக் கண்டுபிடித்து வெளியில் சொன்னால், போவது பணம் மட்டுமில்லை. நத்தைத்தம்பி இடுப்பளவு சேற்றில் நின்று எழுதிய ஒன்பது வருடமும் கூடவே போய்விடும். பத்தாவதை எண்ணி என்ன பிரயோஜனம்? இதை யோசிக்க யோசிக்க அவருக்குச் சிரிப்பு குறைந்து முதுகு நிமிர்ந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். இயக்குநரிடம் மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை இரண்டு நாற்பத்தெட்டுக்குக் கரண்ட் போனது.

மாடி ஆபீஸுக்கு நேர் கீழே பல் ஆஸ்பத்திரி. அங்கே கரண்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி உண்டு, இணையம் உண்டு. தேதியக்கா படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். பின்னால் அட்டை போட்ட புத்தகத்தோடு இயக்குநர், அவர் பின்னால் பூட்ஸோடு நத்தைத்தம்பி.

"டாக்டர், உங்க கம்ப்யூட்டரை ஒரு மணி நேரம் குடுங்க."

பல் டாக்டர் முகமூடியை இறக்கினார். "அக்கா, உள்ள ஒருத்தருக்குப் பாதிப் பல் எடுத்திருக்கேன்."

"மீதியை அப்புறம் எடுங்க."

"நத்தை விஷயமா?" டாக்டர் கண்கள் விரிந்தன. அவரும் வதந்தியைக் கேட்டவர்தான். "குடுக்கறேன். காசு வேண்டாம். ஆனா எனக்கும் ஒரு ஃபண்டைக் கண்டுபிடிச்சு விண்ணப்பம் எழுதித் தரணும். ஏழு கோடி எல்லாம் வேண்டாம், ஒரு எக்ஸ்ரே மெஷினுக்கு மட்டும்."

"எழுதித் தர்றேன் டாக்டர், சத்தியமா எழுதித் தர்றேன். இடத்தைக் குடுங்க!"

கம்ப்யூட்டர் இருந்தது நோயாளி நாற்காலிக்கு மேலே, எக்ஸ்ரே காட்டுகிற இரும்புக் கையில். அதன் எதிரில் உட்கார வேண்டுமென்றால் அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அதில் இருந்தவர் வாயில் பஞ்சோடு மூலை ஸ்டூலுக்கு மாற்றப்பட்டார். தேதியக்கா ஏறி உட்கார்ந்து முடியைச் சரிசெய்தார். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. சரியாக மூன்று மணிக்குத் திரையில் மூன்று சதுரம் திறந்தது. ஒன்றில் குழுவின் தலைவி, ஒன்றில் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரை, மூன்றாவதில் வெள்ளைத் தாடியோடு ஒரு வயதான பேராசிரியர். நத்தை ஆராய்ச்சிக்காரர் என்று தலைவி அறிமுகப்படுத்தினார். தேதியக்கா நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். நத்தையைப் பற்றித் தெரிந்த ஒருவர்!

அந்த நேரம் பார்த்து இயக்குநர் கால் தவறி நாற்காலியின் மிதியை அழுத்திவிட்டார். நாற்காலி மெதுவாகச் சாயத் தொடங்கியது. தேதியக்கா வணக்கம் சொல்லிக்கொண்டே திரையிலிருந்து அஸ்தமித்தார். பல் டாக்டர் பாய்ந்து வந்து மிதித்து மேலே கொண்டுவந்தார். மூலையில் இருந்தவர் பஞ்சு வாயோடு "ம்ஹூம், ம்ஹூம்" என்று குலுங்கினார். வலியா சிரிப்பா என்று தெரியவில்லை.

"எல்லாம் சரிதானே?" என்று தலைவி அவர்கள் மொழியில் கேட்டார்.

"இல்லைங்க," என்றார் தேதியக்காவும் அதே மொழியில். "முதல்ல ஒரு தப்பைச் சொல்லணும். ஏழாம் பக்கத்துல இருக்கறது நத்தையே இல்ல. நீர்நாய். நேரம் பத்தாம பழைய பக்கத்தை ஒட்டினேன், பேரை மட்டும் மாத்தினேன், திருத்த மறந்துட்டேன். தப்பு என்னோடது. எங்க நத்தை நீந்தாது, கடிக்காது. வெறுமனே இருக்கும். அது இருக்குதாங்கறதைத்தான் நாங்க ஒம்போது வருஷமா பார்த்துட்டு வர்றோம்."

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவி தாள்களைப் புரட்டினார். "ஏழாம் பக்கமா? எங்ககிட்ட சுருக்கம் மட்டும்தானே..." கூரைக்காரரும் தன் தாள்களைத் தேடும் சத்தம் கேட்டது. அவர்கள் யாரும் அதைப் படிக்கவே இல்லை! வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இயக்குநரின் பார்வை தரையிலிருந்து சொன்னது.

"நான் படிச்சேன்," என்றார் பேராசிரியர். "நாலு தடவை. ஒரு தடவை என் மனைவிக்கும் படிச்சுக் காட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நத்தையைப் பத்தி அவ கேள்வி கேட்டது அன்னிக்குத்தான்." அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இதைச் சொல்றீங்களா இல்லையான்னு பார்க்கத்தான் வந்தேன். சரி, பின்னிணைப்புல இருக்கற கணக்குக்கு வாங்க. ஆறாம் வருஷம், முப்பத்தோராம் கட்டம். அங்க எண்ணுக்குப் பதிலா 'போகவில்லை'ன்னு இருக்கு. ஏன்?"

தேதியக்கா திரும்பி, கேள்வியைத் தமிழில் சொன்னார். நத்தைத்தம்பி டாக்டருக்கும் நாற்காலிக்கும் நடுவில் தலையை நீட்டினார்.

"அன்னிக்குச் சேத்துல கால் மாட்டிக்கிச்சுங்க. பூட்ஸ் உள்ளயே போயிடுச்சு. அந்தக் கட்டத்துக்குப் போக முடியல."

"சுத்தி இருக்கற கட்டமெல்லாம் பதினேழு, பதினெட்டுன்னு இருக்கு. நீங்களும் ஒரு பதினேழு போட்டிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

நத்தைத்தம்பிக்குக் கேள்வியே புரியவில்லை. தேதியக்கா இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"போகாம எப்படிங்க எண்ணறது?" என்றார்.

தேதியக்கா அதை அப்படியே மொழிபெயர்த்தார். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் படகு வாடகை, தண்ணீர் வடிகிற நாள், சட்டத்தின் அளவு என்று சாதாரணக் கேள்விகள்தான். நாற்காலி இன்னும் ஒரு முறைதான் சாய்ந்தது.

ஒன்பது நாள் தேதியக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கணவர் தினமும் கடையிலிருந்து போன் செய்து, "விசில் வந்துச்சா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்தாம் நாள் காலை பதினொன்றே காலுக்குக் கடிதம் வந்தது. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு. மூன்று வருடத்துக்குக் கேட்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்குத் தந்திருந்தார்கள். ஒரே ஒரு கணக்கெடுப்பு. திருத்திய ஏழாம் பக்கத்தை அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. கீழே பேராசிரியர் கையால் ஒரு வரி: பழைய பக்கத்தை அழித்துவிட வேண்டாம், என் மனைவி ஒரு பிரதி கேட்கிறாள்.

தேதியக்கா அதை உரக்கப் படித்தார். பத்து! பத்தாவது! இயக்குநர் சுற்றாத விசிறிக்குக் கீழே கைகளை விரித்துக்கொண்டு தானே சுற்றினார். நத்தைத்தம்பி எழுந்து போய் நீல சூட்கேஸைத் திறந்து பூட்ஸை எடுத்தார், ஒட்டு காய்ந்துவிட்டதா என்று அழுத்திப் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது ஒன்பது வருடமாக ஆபீஸில் யாருக்கும் தெரியாது. பட்டியலில் ஒரு கட்டத்தைத் தேதியக்கா பச்சையாக்கினார். அழுத்தி அழுத்தி, மூன்று முறை.

தண்ணீர் வடிந்தது, எண்ணினார்கள். நாற்பது கட்டமும். முப்பத்தோராம் கட்டத்தில் பத்தொன்பது. கணக்கு அரசு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டதாக முத்திரை குத்திய ரசீதும் வந்துவிட்டது. கரையில் இருந்த பலகையை நட்டவர்களே பிடுங்கிப் போனார்கள்; மண்ணை மட்டும் விட்டுவிட்டார்கள்.

தெரு இதை எதையும் நம்பவில்லை. ஏழு கோடியை அமுக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல் நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் சலூனின் தீர்ப்பு.

பல் டாக்டர் மட்டும் மறக்கவில்லை. தேதியக்கா இப்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறார். ஆனாலும் பாதிப் படியில் கதவு திறக்கும்.

"அக்கா! என் விண்ணப்பம்?"

"இருநூத்திப் பதினாலையும் அலசிட்டேன் டாக்டர். பல்லுக்குத் தர்றவங்க ஒருத்தரும் இல்ல. எல்லாம் பருவநிலை, பல்லுயிர், இதுங்கதான்."

"பல்லுக்கும் அதுக்கும் ஏதாச்சும் சம்பந்தத்தைக் கண்டுபிடிங்க. அதானே உங்க வேலை?"

பின்னால் ஏறிவந்த நத்தைத்தம்பி நின்றார். "நத்தைக்கு ஆயிரக்கணக்குல பல் இருக்கு டாக்டர். நாக்குலயே வரிசையா."

டாக்டர் தேதியக்காவைப் பார்த்தார். "இதுவும் ஏழாம் பக்கமா?"

"இல்ல டாக்டர். இது நிஜம்."

"ஆயிரக்கணக்குலயா?" டாக்டர் கதவை முழுசாகத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு புது வெளிச்சம் வந்தது. தேதியக்காவுக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. "அப்ப ஆரம்பிச்சிடலாமே! எப்பத் தருவீங்க?"

"வர்ற வாரம்," என்றார் தேதியக்கா, செருப்பைப் போட்டுக்கொண்டு.

'பல் ஆஸ்பத்திரி' என்று பெயரிட்ட ஒரு கோப்பு அவருடைய கம்ப்யூட்டரில் மூன்று மாதமாக இருக்கிறது. உள்ளே தலைப்புகூட இன்னும் எழுதவில்லை.